ஆவாரைக்கு யார் சம்பளம் கொடுத்தது?

எங்கள் ஆபீஸில் கொஞ்ச நாளாக ஆளிவிதை ஜுரம். கேஷியர் முதல் மேனேஜர் வரை அத்தனை பேர் மேஜையிலும் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. பதினோரு மணிக்கு டீ வந்ததும் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, பசுமாடு மாதிரி நிதானமாக அசைபோட்டு, "ஹார்ட்டுக்கு நல்லது சார்" என்கிறார்கள். பின்னாலேயே ரெண்டு மெதுவடை உள்ளே போகிறது. (பாவம், ஹார்ட் குழம்பிப் போயிருக்கும்!)

அதில் ஒருவர் லினன் சட்டைப் பிரியர். மடிப்புக் கலைந்தால் உட்காரவே யோசிப்பார். "சார், நான் சாப்பிடறதும் இந்தச் செடிதான், போட்டுக்கறதும் இந்தச் செடிதான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். உண்மைதான். ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார்தான் லினன். எகிப்தில் மம்மிகளைச் சுற்றி வைத்ததும் இந்தத் துணியில்தான். 1753-இல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு லத்தீனில் பெயர் வைத்தபோது, 'மிக மிக உபயோகமானது' என்று பொருள்படும்படி வைத்தார். கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி விழுந்தால் நமக்கெல்லாம் எப்போதோ பிரமோஷன் கிடைத்திருக்கும்!

லத்தீனில் ஆளிநூலைக் குறித்த சொல்லிலிருந்துதான் 'லைன்' என்ற வார்த்தையே பிறந்தது. ஆக, ரேஷன் கடையில் நாம் நிற்கிற லைனுக்கும், பஸ் ஸ்டாப்பில் சில இளைஞர்கள் போடுகிற 'லைனு'க்கும் மூலம் இந்தச் செடிதான்.

சட்டையாகிற ஆளிக்கு நீலப் பூ. ஆனால், மஞ்சள் பூ பூக்கிற சொந்தக்காரச் செடிகளும் அதற்கு உண்டு. மத்தியதரைக் கடலோரத்தில், கல்லும் முட்புதருமாகக் கிடக்கிற வறண்ட மேட்டில், யாரும் விதைக்காமல் தானாக முளைத்துப் பூத்துக் கிடக்கும். அதில் யாரும் சட்டை தைப்பதில்லை. டப்பாவில் போட்டு ஆபீஸுக்கும் எடுத்து வருவதில்லை. நீலப் பூ அண்ணன் உலகப் புகழ் பெற்றுவிட்டார், மஞ்சள் பூ தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார். எல்லாக் குடும்பத்திலும் நடக்கிற கதைதான்.

கடலோரம், வறண்ட மேடு, முட்புதர், யாரும் விதைக்காத மஞ்சள் பூ... இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. நான் ராமநாதபுரத்துக்காரன். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன், ஜாக்கிரதை!" என்று சினிமாவிலும் செக்ரட்டேரியட்டிலும் மிரட்டுவார்களே, அந்தக் காடுதான். மற்றவர்களுக்கெல்லாம் பனிஷ்மென்ட் டிரான்ஸ்பர், எங்களுக்கு மட்டும் பூர்விகம்.

திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக் கடலுக்கும் நடுவில் எங்கள் கிராமம். ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் உடைமரம், மிச்ச இடமெல்லாம் ஆவாரை. திருப்புல்லாணி என்ற பெயரிலேயே 'புல்' இருக்கிறது. ராமபிரான் தர்ப்பைப் புல்லின் மேல் சயனித்த இடம் என்பது ஐதீகம். ஒரு புல்லுக்கு திவ்ய தேசமே கிடைத்துவிட்டது. ஆவாரைக்கு வேலியோரம்தான் கிடைத்தது. ஆனால் அது கோபித்துக்கொள்ளவில்லை. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கொப்பில் நாலு பூ வைத்துக்கொண்டே இருக்கும். மழைக்குப் பிறகு பார்க்க வேண்டும், தரிசு முழுக்க யாரோ மஞ்சள் பொடியை வாரி இறைத்த மாதிரி இருக்கும்.

செடியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி ரெண்டு துணுக்கு இருக்கும். அதனால்தான் தாவரவியல்காரர்கள் அதற்குக் 'காதுள்ளது' என்ற பொருளில் 'ஆரிகுலேட்டா' என்று பெயர் வைத்தார்கள். காது இருக்கிறதே தவிர நாம் பேசுவது கேட்பதில்லை. கேட்டிருந்தால் எப்போதோ ஊரை விட்டுப் போயிருக்கும்.

பூவில் இன்னொரு வேடிக்கை. அதில் தேன் கிடையாது. மகரந்தம், மேஜையில் வைக்கிற உப்பு டப்பா மாதிரி, நுனியில் மட்டும் ஓட்டை போட்ட பைகளில் பத்திரமாக இருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் கொட்டாது. கருகருவென்று குண்டாக ஒரு தச்சுவண்டு வரும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செல்போனை வைப்ரேஷனில் போட்ட மாதிரி 'ங்ங்ங்...' என்று உடம்பை அதிரவைக்கும். அப்போதுதான் மகரந்தம் கொட்டும். தேனீக்கு இந்த அதிர்ச்சி வைத்தியம் தெரியாது. ஆக, தச்சுவண்டு இல்லையென்றால் ஆவாரைக்கு வம்சம் விருத்தியாவது கஷ்டம்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தத் தாவரவியலெல்லாம் தெரியாது. ஆனால் ஆவாரையை அவள் உபயோகித்த மாதிரி எந்த லேபரட்டரியும் உபயோகித்திருக்காது. காலையில் பல் துலக்க ஆவாரங்குச்சி. வெயிலில் வேலைக்குப் போகும்போது ஆவாரந்தழையைத் தலையில் வைத்து அதற்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொள்வாள். "ஃபேனு காத்து மாதிரி குளுகுளுன்னு இருக்கும்டா." (ஃபேன் எங்கள் வீட்டுக்கு வந்ததே ரொம்பப் பிற்பாடு.) பூவைப் பாசிப்பருப்போடு போட்டுக் கூட்டு. காயவைத்த பூவை அரைத்துக் குளியல் பொடி. தழையை வெட்டி வயலில் போட்டு மிதித்தால் உரம். ராத்திரி கொதிக்க வைத்துக் குடித்தால் கஷாயம். இத்தனைக்கும் அவள் கொடுத்த விலை, குனிந்து பறித்த சிரமம் மட்டும்.

அது மட்டுமில்லை, அப்பத்தாவுக்கு அந்தச் செடி சம்பளமும் கொடுத்திருக்கிறது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், மழையில்லாத மாசங்களில் அவளும் மற்றப் பெண்களும் ஆவாரங்கொப்புகளை வெட்டி, பட்டை உரித்து, வெயிலில் உலர்த்திக் கட்டாகக் கட்டி வைப்பார்களாம். வியாபாரி வண்டி கட்டிக்கொண்டு வந்து எடை போட்டு எடுத்துப் போவார். திண்டுக்கல் பக்கம் தோல் ஷாப்புக்குப் போகிறது என்று சொல்வார்களாம். வந்த சில்லறையை அப்பத்தா சுருக்குப்பையில் போட்டு, சுருக்குப்பையை அரிசிப் பானைக்குள் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தான் படுத்துக்கொள்வாள். பேங்க் லாக்கர் தோற்றது!

அந்தப் பட்டை எங்கே போயிற்று என்பது பெரிய கதை. ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்துகிற டானின் நிறைய இருக்கிறது. உயிர்த் தோலை அழுகாமல் லெதராக்குகிற சரக்கு அதுதான். ஆவாரையில் பதம் பண்ணிய தோல் வெளிச்சம் பட்டால் லேசாகச் சிவக்கும் என்பதால், கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். இப்படித் தயாரான மதராஸ் தோலுக்கு லண்டன் மார்க்கெட்டில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று தனிப் பெயரே இருந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனதில் இதற்குப் பெரிய பங்கு. அதாவது, பிரான்ஸ் தேசத்துச் சேற்றில் 'லெஃப்ட் ரைட்' போட்ட எத்தனையோ கால்களுக்குக் கவசம், நம் வேலியோர ஆவாரை! யுத்தம் ஜெயித்ததும் யாரும் அதற்கு மெடல் குத்தவில்லை.

பிறகுதான் ஆட்குறைப்பு ஆரம்பித்தது.

முதல் போட்டியாளர் குரோமியம். ஆவாரையில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற எஞ்சினீயர் மதராஸில் இந்த முறையைப் பரீட்சித்துப் பார்த்து ஊக்கம் கொடுத்தார். பிறகு ஊருக்குத் தெற்கே ஒரு குரோம் லெதர் தொழிற்சாலை வந்தது. அதன் பெயராலேயே அந்தப் பேட்டைக்குப் பெயர் வந்தது. ஆமாம் சார், தாம்பரம் எலக்ட்ரிக் டிரெயினில் தினம் நீங்கள் நசுங்கிக்கொண்டே கடக்கிறீர்களே, அந்தக் குரோம்பேட்டைதான்! எங்கள் அப்பத்தாவின் வேலைக்கு உலை வைத்த சமாச்சாரம் ஒரு ஸ்டேஷன் போர்டாகவே நிற்கிறது.

ரெண்டாவது போட்டியாளர் வாட்டில் மரம். தென்னாப்பிரிக்காவிலிருந்து அதன் பட்டை கப்பல் கப்பலாக வந்தது. அதில் டானின் அதிகம், வேலையும் சுருக்கு. இறக்குமதி செய்வானேன், நாமே வளர்க்கலாம் என்று சுதந்திரத்துக்குப் பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மலைப் புல்வெளிகளில் வாட்டிலை நட்டார்கள். அது நட்ட இடத்தோடு நிற்காமல் பரவி, புல்வெளிகளை விழுங்கியது. இப்போது வனத்துறை அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. குரோமியக் கதையும் இனிப்பாக முடியவில்லை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996-இல் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

ஆவாரையில் பதம் பண்ணினால் மட்டும் தண்ணீர் பன்னீராக ஓடியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தோல் ஷாப்பு வாசனை எப்போதுமே தோல் ஷாப்பு வாசனைதான். ஆனால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் சத்தம் போடாமல் வேலியோரத்துக்குத் திரும்பிப் பூத்துக்கொண்டிருந்தார், வேலைக்கு வந்தவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

வியாபாரியின் வண்டி ஒரு வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. "ஏன் ஆத்தா வரலை?" என்று நான் சின்ன வயதில் கேட்டபோது அப்பத்தா சொன்ன பதில்: "வராதவுகளை எங்கே போயிக் கேக்குறது?" உலகப் பொருளாதாரம் பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான லெக்சர் அதுதான்.

இந்த இடத்தில் கல்யாணமாகாத வாசகர்களுக்காக ஒரு இடைவேளை.

சங்க காலத்தில் ஆவாரைக்கு இன்னொரு டிபார்ட்மென்ட்டிலும் வேலை இருந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறாரே, அதில் ஆவிரையும் உண்டு. அங்கே அது பெண்கள் பறித்துக் குவிக்கிற அழகுப் பூ. ஆனால் குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் இதே பூவைக் காதலில் தோற்கப் போகிறவன் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். 'மடலேறுதல்' என்று பெயர். பெண் கிடைக்காத இளைஞன் பனைமடலால் குதிரை செய்து, அதற்கு ஆவிரம்பூ மாலை சூட்டி, தானும் எருக்கம்பூ சூடிக்கொண்டு, நடுத்தெருவில் ஏறி வருவான். "இன்னார் பெண்ணால்தான் எனக்கு இந்தக் கதி" என்று ஊருக்கே தெரிந்துவிடும். மானம் போகிறதே என்று பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள் என்பது திட்டம். பெண்கள் மடலேறக் கூடாது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. (பிற்காலத்தில் திருப்புல்லாணியைப் பாடிய திருமங்கையாழ்வார், பெண்ணாகத் தம்மை பாவித்து ரெண்டு 'திருமடல்' எழுதி அந்த ரூலை உடைத்தார்.)

நான் யோசித்துப் பார்த்தேன். பனைமடல், ஆவாரம்பூ, எருக்கம்பூ மூன்றும் எங்கள் ஊரில் இனாம். மடலேற ராமநாதபுரத்தைவிட வசதியான ஜில்லா தமிழ்நாட்டிலேயே கிடையாது. இல்லாதது தைரியம் ஒன்றுதான். அதனால் ஜாதகம் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

இடைவேளை முடிந்தது.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்று பழமொழி. இப்போது ஆவாரம்பூ டீ விற்கிறவர்கள் எல்லாரும் இதைப் பாக்கெட்டில் அச்சடித்து விடுகிறார்கள், ஏதோ எல்.ஐ.சி. கொடுத்த உத்தரவாதம் மாதிரி. சித்த வைத்தியத்தில் இதற்கு மரியாதையான இடம் உண்டு. இலை, பூ, காய், பட்டை, வேர் ஐந்தும் சேர்ந்தது ஆவாரைப் பஞ்சாங்கம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற 'ஆவாரைக் குடிநீர்' என்கிற கஷாயத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை எல்லாம் சேரும். தனியாள் சாகசம் இல்லை, ஏழு பேர் கொண்ட டீம்.

எங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை. தினம் காலையில் ஆவாரம்பூத் தண்ணீர் குடிப்பார். மாத்திரையும் போடுவார். ஊரில் ஒருவர், "பூ குடிக்கிறவனுக்கு மாத்திரை எதுக்கு?" என்று உசுப்பேற்றியிருக்கிறார். அப்பா டாக்டரிடம் கேட்க, அவர், "பூவைக் குடிங்கய்யா, வேணாம்னு சொல்லலை. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றிருக்கிறார். அப்பா ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

அப்பத்தா இறந்தது ஒரு தை மாதம். தரிசு முழுக்க ஆவாரை பூத்துத்தான் கிடந்தது. எண்பதைத் தாண்டியவள், தூக்கத்திலேயே போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போன பாதையில் ரெண்டு பக்கமும் மஞ்சள். பழமொழியை நம்பியிருந்தால் எனக்கு அன்றைக்கு அந்தச் செடி மேல் கோபம் வந்திருக்கும். வரவில்லை. அவளுக்கு அது சாவைத் தடுக்க வேண்டும் என்று யாரும் வேலை கொடுக்கவில்லையே. இருந்தவரை பல்லுக்குக் குச்சியும், தலைக்கு நிழலும், சுருக்குப்பைக்குச் சில்லறையும் கொடுத்தது. ஒரு செடி அதற்கு மேல் என்ன செய்யும்?

இப்போது நடப்புக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் போகிப் பண்டிகை அன்றைக்குக் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பீளை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு நிலை, தொழுவம், வயல் என்று செருகி வைப்போம். போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். "நாலு கொப்பு ஆவாரம்பூ ஒடிச்சிட்டு வாப்பு" என்று அம்மா அனுப்பினாள். பையன் பருவத்தில் வாசல்படியில் நின்று கையை நீட்டினால் கிடைத்த பூ. பைக்கை எடுத்துக்கொண்டு சேதுக்கரை ரோடு வரை போய்விட்டேன். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதற்குப் பின்னாலும் சீமைக்கருவேலம். கடைசியில் ராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு கொத்து முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அப்பா கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கயோ வேலூருப் பக்கத்துப் பூவா இருக்கும் போல. பஸ்ஸுல வந்த அசதி தெரியுது" என்றார்.

சீமைக்கருவேலத்தை நான் முழுக்கத் திட்ட மாட்டேன். 1877 வாக்கில் இந்தியாவுக்கு வந்து, சுதந்திரத்துக்குப் பிறகு விறகுக்காகவே ஊர் ஊராகப் பரப்பப்பட்ட மரம். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் ஜில்லாவில் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ வீட்டில் உலை கொதித்தது. எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியதில் அந்தக் கரிக்கும் பங்கு உண்டு. ஆனால் அது பந்திக்கு வந்தால் பக்கத்து இலையையும் சேர்த்துச் சாப்பிடுகிற ஆள். கண்மாய், வரப்பு, தரிசு என்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டது. 2017-இல் ஹைகோர்ட் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டு ஊரெல்லாம் ஒரே பரபரப்பு. 2022-இல் இந்த மாதிரி அந்நியக் களைகளை அகற்றத் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், ஜே.சி.பி.க்குத் தாவரவியல் தெரியாது.

எங்களுக்கு ரோட்டோரமாக ஒரு ஏக்கர் சொச்சம் மானாவாரி நிலம். பல வருஷமாகக் கருவேலங்காடாகக் கிடந்தது. தம்பிக்கு அதில் முண்டு மிளகாய் போட ஆசை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவன் மிளகாயைப் பற்றிப் பேசினால் பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி முகம் சிவக்கிறது. போன ஆவணியில் ஜே.சி.பி. பேசினான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து வண்டி மடமடவென்று கருவேலத்தை வேரோடு பறித்துப் போட்டது. பத்து மணிக்கு நிலத்தின் மேலக் கோடியில் இருக்கிற திட்டுக்கு வந்தது. ஒரு அஞ்சு சென்ட் இருக்கும். கல்லும் மண்ணுமாக மேடு. கருவேலத்துக்கு நடுவே எப்படியோ தப்பிப் பிழைத்த ஏழெட்டு ஆவாரைச் செடிகள் அங்கே இருந்தன. ஒன்றில் பூ.

அப்பா போய், துண்டை உதறிப் போட்டு, அந்தத் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யா, எந்திரிச்சுக்கங்க. பத்து நிமிசத்துல முடிச்சிருவேன்" என்றார் டிரைவர்.

"முடிச்சிருவ. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் பனைமரத்தைப் பார்த்தேன். வாடகை மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, அஞ்சு சென்ட்டுன்னா எத்தனை கிலோ மொளகா தெரியுமா? இந்தச் செடி எங்கன வேணாலும் மொளைக்கும்ப்பா. நாம எதுக்கு எடம் குடுக்கணும்?"

அப்பா நிதானமாகத்தான் சொன்னார். "உங்க அப்பத்தா இந்தத் திட்டுல உக்காந்துதான்டா பட்டை உரிச்சா. அந்தக் காசும் சேந்துதான் இந்த நெலம். யாரு யாருக்குடா எடம் குடுக்குறது?"

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு டிரைவரிடம் போய், "அண்ணே, அந்த மூலையை விட்ருங்க. சுத்தி மட்டும் எடுங்க" என்றான். டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அப்பா மதியச் சாப்பாடு வரும்வரை எழுந்திருக்கவில்லை. எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை!

எனக்கு அன்றைக்கு உறைத்தது இதுதான். தரிசு என்று நாம் எழுதி வைத்திருக்கிற இடங்கள் எல்லாம் சும்மா கிடந்த இடங்கள் இல்லை. ரிஜிஸ்டரில் பெயர் இல்லாமல், பிராவிடண்ட் ஃபண்டு இல்லாமல், பல பேர் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவாரை அதில் சீனியர். தெலங்கானா 2014-இல் இதே பூவைத் 'தங்கேடு' என்ற பெயரில் மாநில மலராக்கிவிட்டது. பதுக்கம்மா பண்டிகையில் பெண்கள் அதை அடுக்கடுக்காக அடுக்கி அம்மனாகக் கும்பிடுகிறார்கள். எங்கள் தனுஷ்கோடிக்கு நேர் எதிரே இலங்கையில் 'ரணவரா' என்று பெயர் சொல்லி டீயாகக் குடிக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பதவியும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். வரப்போரம் விட்டு வைத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை நல்ல மழை. தம்பியின் மிளகாய் எழும்பி வந்தது. வெட்டி எடுத்த கருவேலமும் விட்ட வேரிலிருந்து துளிர்த்தது (அது அவ்வளவு சுலபமாகப் பணிமாறுதலுக்கு ஒத்துக்கொள்ளாது). கூடவே, கருவேல நிழல் விலகிய இடத்திலெல்லாம் ஆவாரங்கன்றுகள். அதன் விதைக்குத் தோல் கெட்டி. வருஷக்கணக்கில் மண்ணுக்குள் படுத்திருந்து, நேரம் பார்த்து எழுந்திருக்கக் கூடியது. அப்பாவுக்கு இப்போது ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. காலையில் ஆவாரம்பூத் தண்ணீரும் மாத்திரையும் ஆனதும் மண்வெட்டியோடு போய், கருவேலங்கன்றைக் கொத்தி எறிகிறார், வரப்போரத்து ஆவாரங்கன்றை விட்டுவிடுகிறார். பின்னாலேயே போய் வரப்பிலிருந்து மிளகாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆவாரங்கன்றைத் தம்பி பிடுங்கி எறிகிறான். ரெண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. எழுத்தில் இல்லை.

இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூ எங்கள் திட்டிலேயே கிடைத்தது. விஷயம் தெரிந்து தெருவிலிருந்து நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். காசு வாங்கலாமா என்று தம்பி கண்ணாலேயே கேட்டான். அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்:

"பறிச்சுக்கங்க, பறிச்சுக்கங்க. கொப்பை மட்டும் முறிச்சுப்புடாதீக. அது வேலை பாக்குற கை."